பதிமூன்று பேருக்குப் பின்னால் ஒருத்தி

"இது கோல்ஃபா... இல்ல பொண்ணு அழைக்கப் போறாங்களா?"

ஷீலா வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டாள்.

போடிமெட்டைத் தாண்டி, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருக்கும் அந்தப் பழைய கிளப்பின் மூன்றாவது குழி. எதிர் மேட்டில் ஒரு கூட்டம். பதிமூன்று பேர்! ஆளுக்கொரு மட்டை, ஆளுக்கொரு பந்து. ஒருவர் அடித்தால் மற்ற பன்னிரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசி முடிக்க வேண்டும். பிறகு பந்தைத் தேடி மொத்தப் பேரும் தேயிலைக்குள் இறங்க வேண்டும். கிடைத்ததும் ஒரு கைதட்டல்... அப்புறம் அடுத்த ஆள்.

பின்னால் ஒருத்தி ஒற்றையாய் நின்றுகொண்டிருக்கிறாளே என்று யாருக்காவது தோன்றியதா? ம்ஹூம்.

ஷீலா போடியில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். வாரம் முழுக்க, "மெதுவாம்மா... அவசரமே இல்ல... இன்னொரு தடவை காலத் தூக்குங்க" என்று பேசிப் பேசியே அவளிடமிருந்த பொறுமையெல்லாம் செலவாகிவிடும். அப்பா எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்த காலத்தில், சின்னப் பிள்ளையாய் இந்தப் புல்லில்தான் அவள் மட்டை பிடிக்கப் பழகினாள். அப்பா இறந்தபின் அம்மாவும் அவளும் போடிக்கு இறங்கிவிட்டார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுடையது. ஜீப்பேறி மலைக்கு வந்து, சாயங்காலப் பனி இறங்குவதற்குள் விறுவிறுவென்று ஒரு சுற்று. அதுதான் அவள் உலகம்.

அந்த உலகத்துக்குத்தான் இந்தக் கூட்டம் குறுக்கே நின்றது. போன வாரமே கிளப் செக்ரட்டரி குரியன் சாரிடம் முறையிட்டுவிட்டாள். "நோக்காம் மோளே" என்று தலையாட்டினார். என்னத்தைப் பார்த்தாரோ...

கூட்டத்தில் பழுப்பு ஸ்வெட்டர் போட்ட பெரியவர் ஒருவர் பந்தின்மேல் குனிந்தார். மட்டையை ஆட்டினார். நிறுத்தினார். மறுபடி ஆட்டினார். பக்கத்தில் போன மேகம் கூட நின்று பார்த்தது போலிருந்தது ஷீலாவுக்கு. ஒருவழியாய் அடித்தார். கூட்டம் நகர்ந்து சரிவில் மறைந்தது.

இந்நேரம் போயிருப்பார்கள் என்று அவள் ஓங்கி அடித்தாள். இத்தனை நேரக் கோபமும் அந்த அடியில் இறங்கிவிட்டது போல... பந்து அவள் நினைத்ததை விடவும் தூரம் பறந்தது.

"ஃபோர்...! பாத்துங்க...!" என்று எச்சரித்துக் கத்தினாள்.

சரிவுக்கு அந்தப் பக்கம் ஒரே களேபரம். அவள் பயந்துபோய் ஓடினாள். நல்லவேளை, யார்மேலும் படவில்லை. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு உயரமான ஒருவன் அவளை நோக்கி நடந்து வந்தான். இமை மயிரில் பனித்துளி ஒட்டியிருந்தது. தேன் நிறக் கண்கள். சண்டைக்கு வருகிறவனுக்கு இப்படியா கண் இருக்கும்...

"உங்க பந்துங்களா?"

"ஆமா... ஸாரிங்க. யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. எங்க ஒச்சப்பன் மாமா மட்டும் கல்லு மழைன்னு நெனச்சுக் குடைய விரிச்சிட்டாரு."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்துவிட்டால் கோபத்துக்கு என்ன மரியாதை?

"நீங்களும் கொஞ்சம் யோசிக்கணும்ங்க. பதிமூணு பேரு ஒண்ணாப் போனா பின்னால வர்றவங்க என்ன செய்யிறது?"

"பேசாம நீங்களும் எங்க கூடச் சேந்துக்கங்களேன். பதினாலு ஆயிரும்." கண்ணிலேயே சிரித்தான்.

"நானா? சரியாப்போச்சு! இருட்டுறதுக்குள்ள நான் வீடு போய்ச் சேரணும். அந்தப் பழுப்பு ஸ்வெட்டர் பெரியவரு ஒருத்தரு போதுமே... மட்டைய வச்சுக்கிட்டு அந்த ஆட்டு ஆட்டுறாரு. பந்து அடிக்கிறாரா, நாத்து நடுறாரா?"

அவன் கண்ணிலிருந்த சிரிப்பு அப்படியே அணைந்தது.

"அவரு எங்கப்பா."

ஷீலா மட்டையைக் கீழே இறக்கினாள்.

"நீங்க முன்னால போங்க. நாங்க ஒதுங்கிக்கிறோம்." பந்தை அவள் கையில் வைத்தான். "மொதல்லயே கேட்டிருந்தா மொதல்லயே விட்டிருப்போங்க."

ஒதுங்கித்தான் நின்றார்கள். பாதையின் ஓரமாய் வரிசையாக. அந்த வரிசையைக் கடந்துதான் அவள் போக வேண்டியிருந்தது. பழுப்பு ஸ்வெட்டரின் அருகே வந்தபோது பார்த்தாள்... மடங்கிப்போன வலது கை விரல்கள். மட்டையோடு சேர்த்துத் துணிப்பட்டையால் கட்டியிருந்தார்கள். உதட்டின் ஒரு ஓரம் லேசாய்க் கீழிறங்கி இருந்தது.

பக்கவாதம். தினம் தினம் அவள் தொட்டுத் தூக்கிவிடும் கைகளில் ஒன்று! பக்கத்தில் வந்தபின்தானா தெரியவேண்டும்? அந்த ஆட்டம் அடிப்பதற்கான ஆட்டமில்லை... சொன்ன பேச்சைக் கேட்காத கையிடம் கெஞ்சுவது.

பெரியவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் அடித்த அடுத்த பந்து தரையோடு உருண்டு பள்ளத்தில் விழுந்தது.

புகாரைத் திரும்ப வாங்க அன்றைக்கே குரியன் சாரைத் தேடினாள். அவர் ஊருக்குப் போயிருந்தார். அடுத்த ஞாயிறு மேலே போனபோது கிளப் வாசலில் பலகை தொங்கியது. நாலு பேருக்கு மேல் சேர்ந்து ஆடக்கூடாதாம்.

புல்வெளி முழுக்கக் காலி. அவள் ஆசைப்பட்ட மாதிரியே... முன்னால் யாருமில்லை. அடித்தாள், நடந்தாள், அடித்தாள், நடந்தாள். முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்றிருந்தது.

"அவங்க யாரும் வரலையா சார்?"

"நீயல்லே மோளே பறஞ்சது?" நீ சொல்லித்தானே என்பதுபோல் குரியன் சார் கையை விரித்தார். "நாலு நாலாப் பிரிஞ்சு ஆடுங்கன்னு சொன்னேன். பிரியமாட்டோம்னு போயிட்டாங்க. இப்போ ஒரு ஆளுமில்ல. சுகமாயிட்டு களிச்சோ."

சுகமாய் ஆடு என்கிறார். அவளுக்கு எங்கே சுகம்? கீழே இறங்கும் ஜீப்பில் ஒவ்வொரு வளைவிலும் அந்தத் தேன் நிறக் கண் வந்து வந்து அணைந்தது.

மறுநாள் சோலி முடிந்ததும், கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டையோடே, அவனை விசாரித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். தானியேல் ஏலக்காய்க் கடை. பெரியவர் பெயர்தான் தானியேல்; மகன் ஜெபகுமாராம். நுழையும்போதே வாசனை நெஞ்சு வரை இறங்கியது. உள்ளே பெண்கள் முறத்தில் காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் ஊசி நின்றது.

"வாங்க. ஏலக்காயா?"

"இல்ல... மன்னிப்புக் கேக்க வந்தேன்." மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அந்தப் பேச்சுக்கு மட்டுமில்ல. குரியன் சார்கிட்டப் புகார் சொன்னதும் நான்தான்."

ஜெபகுமார் இன்னொரு தையல் போட்டான். அப்புறம் மெல்லப் பேசினான்.

"கை விழுந்தப்புறம் அப்பா வீட்டை விட்டு வெளிய வரலைங்க. மனுசங்க மொகத்தையே பாக்கமாட்டேன்னுட்டாரு. நானும் பக்கத்துக் கடைப் பாண்டி அண்ணனும் கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் மேல கூட்டிட்டுப் போனோம். அடுத்த வாரம் ஒச்சப்பன் மாமா வந்தாரு... அவருக்கு ஜீப்பு ஓட்டத்தான் தெரியும், மட்டைய அன்னைக்குத்தான் தொட்டாரு. ஒருத்தர் பாத்து ஒருத்தர்னு பதிமூணு ஆயிருச்சு. எல்லாரும் அப்பா கூட நடக்கத்தான் வர்றாங்க. இதுல யாரைப் பிரிச்சு விடுறது?"

"பிரிக்கவே வேணாம். நான் ஒரு வழி வச்சிருக்கேன். குரியன் சார்கிட்ட நானே பேசி..."

"வேணாங்க." குரல் இறுகியது. "உங்க ஆஸ்பத்திரியில தினம் நாலு பேரப் பாத்து இரக்கப்படுவீங்க. எங்கப்பாவுக்கு அது தேவையில்ல."

சுள்ளென்று பட்டது. கண் கலங்குவதற்குள் வெளியே போய்விட வேண்டும் என்று திரும்பினாள்.

"யாரு... அந்தப் பொண்ணா...?"

கடையின் பின்கட்டிலிருந்து குரல். ஒவ்வொரு வார்த்தையாக, வழுக்கி வழுக்கி வந்தது. தானியேல் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"நாத்து... நடுறாரான்னு... கேட்ட பொண்ணு..."

ஷீலாவுக்குப் பூமி பிளக்காதா என்றிருந்தது. "உங்களுக்குக் கேட்டுருச்சா அங்கிள்?"

"கைதாம்மா... போச்சு. காது... போகல." தோள் குலுங்கச் சிரித்தார். "ஜீப்புல... போடி வர்ற வரைக்கும்... ஒச்சப்பன்... அதையே சொல்லிச் சொல்லிச்... சிரிச்சான். இவன்தான்... மூஞ்சியத் தூக்கி... வச்சுக்கிட்டான். பந்து... என்ன தூரம்... அடிச்ச! உக்காரு. வழின்னியே... என்ன வழி?"

ஜெபகுமார் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது.

ஷீலா உட்கார்ந்தாள். "ரெண்டே அணி அங்கிள். எல்லாரும் அடிக்கலாம். ஆனா அணிக்கு எது நல்லா விழுதோ அந்த ஒரு பந்துதான் கணக்கு. மத்ததை எடுத்துப் பையில போட்டுக்கணும். அடுத்த அடி அத்தனை பேரும் அங்க இருந்துதான். ஒவ்வொரு பந்தாத் தேடி நிக்கவேண்டிய வேலையே இல்ல. பின்னால யாராச்சும் வந்தா நின்னு வழி விட்டுரலாம்."

"பதிமூணை எப்படி ரெண்டாப் பிரிப்பீங்க?" ஜெபகுமார் தலை தூக்காமலே கேட்டான்.

"அன்னைக்கு என்னைய ஒருத்தர் கூப்பிட்டாரே... வரலாமான்னு அவரைத்தான் கேக்கணும்."

இப்போது தலை தூக்கினான். அந்தக் கண்ணில் சிரிப்பு மறுபடி எட்டிப்பார்த்தது. "இரக்கம்னு சொன்னது தப்புங்க. கோவத்துல வந்திருச்சு."

"எனக்கும் அப்பிடித்தான் வந்துச்சு."

குரியன் சார் லேசில் மசியவில்லை. ஒரு வாரம் பார்க்கலாம், யாராவது புகார் சொன்னால் அதோடு சரி என்றார். அந்த ஞாயிறு பதினாலு பேர் இறங்கினார்கள். யாரும் தேயிலைக்குள் தொலையவில்லை. ஐந்தாவது குழியில், கொடிக்குப் பக்கத்தில் ஆறு பேர் தட்டிய பந்தும் விலகிப் போக, கடைசியாகத் தானியேல் குனிந்தார். ஆட்டினார். நிறுத்தினார். ஷீலா மூச்சு விடவில்லை. மெல்லத் தொட்டார்... பந்து யோசித்து யோசித்துப் போய்க் குழிக்குள் விழுந்தது.

"விழுந்திருச்சுடா மாப்ளே!" ஒச்சப்பன் போட்ட சத்தத்தில் தேயிலை கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் எதிரணி என்பதே அவருக்கு மறந்துவிட்டது. பலகை அடுத்த வாரமே கழற்றப்பட்டது.

அப்புறம் எத்தனையோ ஞாயிறுகள். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்குமே தெரியவில்லை.

ஐப்பசி பிறந்தது. ஒருநாள் ஆட்டத்தின் நடுவிலேயே பனி திரண்டு இறங்கியது. கூடவே தூறல். ஏழாவது குழியின் கொடி எங்கே என்றே தெரியவில்லை.

"ஆத்தா ஷீலா... ஜெபாவைக் கூட்டிக்கிட்டு வெரசாப் போயி கொடிகிட்ட நின்னு சத்தம் குடுங்க. அந்தச் சத்தத்தை வச்சு அடிக்கிறோம்" என்றார் ஒச்சப்பன்.

ஒரே குடையில் போனார்கள். பத்தடி நடந்ததும் உலகம் வெள்ளையாய் மூடிக்கொண்டது. கொடித்துணி நனைந்து தொங்கியது. கொஞ்சம் தள்ளி, சவுக்கு மரத்தடியில் நின்றார்கள். குடைத்துணியில் தூறல் பொடிப்பொடியாய்ப் பேசியது.

"சத்தம் குடுக்கலையா?" என்றாள்.

"குடுக்கிறேன்... அதுக்கு முன்னால ஒண்ணு." அவன் அவளைப் பார்க்காமல் பனியைப் பார்த்தான். "மதுரையில ஒரு பொண்ணு பாத்திருந்தாங்க. அத்தை வழியில. அடுத்த வாரம் போகணும்னாங்க."

ஷீலாவுக்கு உள்ளே ஏதோ நழுவியது. காட்டிக்கொள்ளவில்லை. "போயிட்டு வா. நல்ல விசயந்தானே..."

"வேணாம்னு சொல்லிட்டேன்."

"...ஏன்?"

"அதையேதான் அம்மாவும் கேட்டாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல... உம்பேரைச் சொல்லிட்டேன்." இப்போது திரும்பினான். தேன் நிறக் கண்ணில் அத்தனை பயம். "உங்கிட்டச் சொல்லாம வீட்டுல சொன்னது தப்புத்தான். உனக்கு இஷ்டமில்லன்னா சொல்லிரு ஷீலா... நான் அம்மாகிட்டப் பேசிக்கிறேன். ஆனா எனக்கு உன்னைய ரொம்பப் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் பாத்தாப் பத்தல."

அவள் ஷூ நுனியால் ஈரப் புல்லைக் கீறினாள். 

"கோவமா?"

"ஆமா."

"ஷீலா..."

"உங்கம்மாகிட்ட எப்பச் சொன்ன?"

"நேத்து."

"நான் எங்கம்மாகிட்டப் போன மாசமே சொல்லிட்டேன்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். கன்னம் சூடானது... குளிரில் நன்றாய்த் தெரிந்தது அந்தச் சூடு. "அன்னையில இருந்து, அந்தப் பையன் வாயத் தொறந்தானா, தொறந்தானான்னு தெனம் கேக்குறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

அவன் வாய் திறந்தபடி நின்றான். பிறகு சிரித்தான். குடை நடுங்குகிற அளவுக்குச் சிரித்தான்.

"வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வா," என்றாள் ஷீலா. "மாமாவையும் அத்தையையும் கூட்டிக்கிட்டு."

இதுவரை அங்கிள் என்றவரை அவள் மாமா என்று சொன்னது அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான். குடைக்காம்பைப் பிடித்திருந்த அவன் கையின்மேல் அவள் கை வந்து அமர்ந்தது. ஈரமாய், சில்லென்று... விலகாமல்.

"எனக்கும் உன்னைய ரொம்பப் பிடிச்சிருக்கு ஜெபா," என்றாள்.