கொஞ்சம் பொசசிவ்

காலை ஏழு மணி. மாடி அறைக் கதவு திறந்து கிடந்தது. அதன் உள்பக்கத் தாழ்ப்பாள் ஒற்றை ஸ்க்ரூவில் தொங்கியது. கட்டிலில் அவள். தலைமாட்டில் பாதி காலியான பால் டம்ளர். விஷ நெடி.

"உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா மேடம். நான்தான் இடிச்சுத் திறந்தேன்," என்றான் கணவன். அழுது முகம் வீங்கியிருந்தது.

பெண் இன்ஸ்பெக்டர் தாழ்ப்பாளைப் பார்த்தார்.

"இது எப்பப் போட்டது?"

"வீடு கட்டினப்பவே."

"பெயின்ட்?"

"போன மாசம்தான் வீடு முழுக்க அடிச்சோம்."

"உங்களுக்குள்ள சண்டையா?"

மூலையில் சுருண்டிருந்த இறந்தவளின் அம்மா பேசினாள்.

"சண்டையெல்லாம் இல்லம்மா. மாப்பிள்ளை தங்கம். கொஞ்சம் பொசசிவ், அவ்வளவுதான். போனை வாங்கிப் பாப்பாரு, வேலைக்குப் போகாதம்பாரு. போன வாரம் இவ, 'அங்கயே வந்துடறேம்மா'ன்னு அழுதா. பாசம் இருக்கறவன்தாண்டி அப்படி இருப்பான்னு நான்தான் சமாதானம் சொன்னேன்."

கான்ஸ்டபிள் கொட்டாவியை விழுங்கினார். "தற்கொலைன்னு முடிச்சிடலாமா மேடம்?"

"இருய்யா. கை கழுவிட்டு வரேன்."

கீழே இறங்கி, குளியலறைக் கதவைச் சாத்தினார். அது மெல்லத் திறந்துகொண்டது. உள்ளே தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தின் துளைகளை அடைத்துப் பெயின்ட் பூசியிருந்தது. கதவோரம், முட்டுக் கொடுக்க வைத்ததுபோல, ஒரு வாளித் தண்ணீர். வாளி இழுபட்டு இழுபட்டுத் தரை தேய்ந்திருந்தது. படுக்கையறைக் கதவைப் பார்த்தார். அங்கும் அடைத்த துளைகள்தான்.

மாடிக்குத் திரும்பியவர், தொங்கிய தாழ்ப்பாளைக் கழற்றினார். அதன் அடியிலும் அதே பெயின்ட், வழவழவென்று.

"பெயின்ட் காய்ஞ்சப்புறம் மாட்டின தாழ்ப்பாள் இது. வீடு கட்டினப்பன்னு ஏன் சார் சொன்னீங்க?"

"அது... அவளே மாட்டியிருப்பா."

"குளிக்கிற ரூம் கதவுக்கே தாழ்ப்பாள் விடாத ஆளு நீங்க. இதை ஒரு நாள் விட்டு வெச்சிருப்பீங்களா? பாலைக் குடுத்தீங்க. அவ அடங்கினதும் இதை மாட்டி, நீங்களே நெம்பினீங்க."

அவன் தரையைப் பார்த்தான். குரலில் அழுகை இல்லை.

"விட்டுட்டுப் போறேன்னா மேடம். அவ எனக்குச் சொந்தம். எப்படிப் போவா?"

இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் திரும்பினார். "பாசம்னு சொன்னீங்களே, அந்த வார்த்தைக்கு அர்த்தம் இதுதாம்மா."

ஜீப் கிளம்பும்வரை அம்மா அசையவில்லை. பிறகு குளியலறை வாசலில் போய் நின்றாள்.

"இங்க வந்தப்பல்லாம் நானும் இந்த வாளியைக் கதவுக்கு முட்டுக் குடுத்துத்தான் குளிச்சேன்," என்றாள், யாரிடம் என்றில்லாமல். "தாழ்ப்பாள் எங்கடின்னு ஒரு வார்த்தை கேக்கல."