கள் ஊற்றிய கை

வெள்ளாற்றின் நீர்ப்பரப்பில் செங்குழம்பைக் கரைத்தபடி மாலைக் கதிரவன் மேற்கே சரிந்துகொண்டிருக்க, மருதங்கோட்டைக்கு வெளியே மணல்வெளியில் தீப்பந்தங்கள் வட்டமாக எரிந்தன. நடுவே ஒரு கல். அதன்மேல் தலை சாய்த்துக் கட்டுண்டு கிடந்தான் யானைப்பாகன் பூதன். பயப்படாதீர்கள் வாசகக் கண்மணிகளே என்று சொல்லத்தான் ஆசை. எனக்கே நெஞ்சு படபடக்கிறது.

முந்தைய நாள் யானைப் பந்தயத்தில் கார்முகில் என்னும் களிறு வெறிகொண்டு, தன்மேல் அமர்ந்திருந்த இளவரசனையே வீசி மிதித்துவிட்டது. அதற்கு யாரோ கள் புகட்டியிருந்தார்கள். பழி பாகன்மேல் விழுந்தது. "ஊற்றியவன் அந்தக் காலாலேயே சாகட்டும்!" என்று ஆணையிட்டாள் இறந்தவனின் தமக்கை கோதைப்பிராட்டி.

பந்தம் பிடித்தவர்களுக்குள் ஒருவன் போர்வையால் முகம் மறைத்து நின்றான்.

"என்னப்பா, தண்டனை உனக்கா? பந்தம் இந்த ஆட்டம் ஆடுதே!" என்று சீண்டினான் பக்கத்து வீரன்.

"தாயே, பெத்த பிள்ளையாட்டம் வளர்த்த ஆனை. அதுக்கு நான் ஊத்துவேனா?" என்று எதிரே நின்ற பிராட்டியைப் பார்த்துக் கதறினான் பூதன்.

வேறொரு பாகன் செலுத்த, சங்கிலி குலுங்க வந்த கார்முகில், பூதனின் முதுகை முகர்ந்தது. தூக்கிய காலை மெல்ல மணலில் ஊன்றியது. பிறகு துதிக்கையை நீட்டியபடி வட்டத்தை நோக்கி நடந்தது. வீரர்கள் சிதறினார்கள். போர்வைக்காரனுக்கு மட்டும் கால் நகரவில்லை. ஈரத் துதிக்கை அவன் வலக்கையைப் பற்றி, விரலிடுக்கில் எதையோ தேடியது.

"வெறி இன்னும் இறங்கவில்லை. பாகனை நாமே முடிப்போம்!" என்று வாளை உருவினான் படைத்தலைவன்.

"நிறுத்துங்கள்!"

போர்வை விழுந்தது. அந்தோ! பிராட்டிக்கு மாலையிடவிருந்தவன், விடியலிலேயே ஊர் திரும்பிவிட்டதாக எல்லோரும் எண்ணியிருந்த கொங்கு இளவரசன் நம்பிமாறன்!

"நான்தான் ஊற்றினேன், பிராட்டி. தங்கள் கண்ணெதிரே தங்கள் தம்பியிடம் பந்தயத்தில் தோற்கக் கூடாதென்று... யானை சோர்ந்து பின்தங்கும் என்றே நினைத்தேன்."

பூதனின் கட்டை அவிழ்த்துவிட்டு, தானே கல்லில் தலை வைத்தான்.

"பூதா, யானையை நடத்து." பிராட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மாட்டேன் தாயே. இவர் செஞ்ச காரியத்தால என் பிள்ளை ஒரு தடவை கொலைகாரன் ஆயிட்டான். இன்னொரு தடவை ஆக விடமாட்டேன்."

பிராட்டி தன் இடையில் செருகியிருந்த, இறந்த தம்பியின் வாளை உருவினாள். நம்பிமாறன் கண்களை மூடிக்கொண்டான். வாள் அவன் காதோரம் உரசி மணலில் இறங்கியது.

"இறந்து தப்பித்துக்கொள்ள உம்மை விடமாட்டேன். முடி துறந்து, பூதனின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, உயிருள்ளவரை இந்த யானைக்குத் தீனி வைப்பேன் என்று இவ்வாளைத் தொட்டு ஆணையிடும். நானும் ஆணையிடுகிறேன்: இனி எவருக்கும் மாலை சூட்டமாட்டேன்."

வலக்கையை அவன் வாள்மேல் வைத்தான். கார்முகிலின் துதிக்கை இருளில் நீண்டு வந்து, மீண்டும் அதே கையைத் தேடியது.