நன்றி சொல்லாத விருந்தாளி

என் புருஷன் ஓவிதியோவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று வேலி முழுக்க வெள்ளையாக இருந்தது.

ஏப்ரல் மாதம். குவலெகுவாய் ஆற்று வெள்ளம் அப்போதுதான் வடிந்து, வயலெல்லாம் சேற்று நாற்றம். காற்று துளிகூட இல்லை. ஆனாலும் கம்பிக்குக் கம்பி, முள்ளுக்கு முள், நூல் நூலாக ஏதோ அசைந்துகொண்டிருந்தது. சிலந்தி வலைபோல் வட்டமாகப் பின்னியதல்ல. நரைத்த சடையைப் பிரித்துவிட்ட மாதிரி நீள நீளமாக. வண்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டதைத் துடைக்கப் போனால் துணியோடு இழுத்துக்கொண்டு வந்தது.

வண்டி ஓட்டியவன் திரான்சித்தோ, கூட்டுரோட்டில் கடை வைத்திருப்பவன். அவனுக்கு எல்லாம் தெரியும்.

"சோயா வயலுக்கு விமானத்துல மருந்தடிக்கிறான்ல, அதுதான் இது. வானத்துலயே காஞ்சு நூலா விழுது. டீச்சரம்மா வேற மாதிரி சொல்லுது. பொடிச் சிலந்திங்க தண்ணிக்குப் பயந்து நூலை விட்டு, அதுலயே தொத்திக்கிட்டுப் பறக்குதாம்."

"நீ ஒரு சிலந்தியாவது கண்டியா?"

"இல்லை. நானும் தேடிப் பாத்தேன்."

பின்னால் மெத்தையில் கிடந்த என் புருஷன் இருமலுக்கு நடுவே சிரித்தார். "மாதா நூல் நூற்கிறாங்கன்னு எங்கம்மா சொல்லுவாங்க. சாத்தான் எச்சில் ஒழுக விட்டிருக்கான்னு அப்பா சொல்லுவார். காலம் பூரா அவங்க சண்டை போட்டது இதுக்குத்தான். சாகறதுக்குள்ள யாரு சொன்னது சரின்னு தெரிஞ்சுக்கணும் கிழவி."

"சாகறதைப் பத்தி உன்னை யாரு கேட்டா? பேசாம படு."

வெள்ளத்தில் மாடுகளை மேட்டுக்கு ஓட்டப் போய் நெஞ்சில் சளி கட்டியவர். இனி மருந்தும் கஞ்சியும் அவர் உடம்பும்தான் என்று டாக்டர் அனுப்பி வைத்திருந்தார். எனக்கு இந்த உலகத்தில் இருப்பது அந்த ஒரு ஆள். பிள்ளை குட்டி இல்லை. அவரை விட்டுக்கொடுக்கிற உத்தேசமே எனக்கு இல்லை. துடைப்பத்தை எடுத்து வேலியில் தொங்கியதை எல்லாம் சுருட்டி அடுப்பில் போட்டேன்.

முடி கருகுகிற நாற்றம் வந்தது.

மறுநாள் எதிர்வீட்டு எலெவுத்தேரியா வந்தாள். அவள் புருஷன் பாவுதிலியோ போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. துக்கக் கறுப்பு உடையோடு நிலைப்படியிலேயே நின்றாள்.

"சூல்மா, ஒண்ணு சொல்றேன், பைத்தியம்னு நினைச்சாலும் பரவாயில்ல. மதியத் தூக்கத்துல யாரு கைதட்டினாலும் வாயைத் திறக்காத."

எங்கள் பக்கம் வீடுகளுக்கு மணி கிடையாது. வருகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று கைதட்டுவார்கள், உள்ளேயிருந்து குரல் கொடுப்போம். ஆனால் மதியத்தில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். அந்த நேரத்தில் யாரும் அடுத்தவர் வாசலுக்குப் போவதில்லை, நாய்கூட நிழலைவிட்டு நகராது.

"அன்னிக்குக் கைதட்டுற சத்தம் கேட்டுச்சு" என்றாள். "அரைத் தூக்கம். வாங்க, உள்ள வாங்கன்னுட்டேன். ஆளு யாரும் வரல. எந்திரிச்சுப் பாத்தா வேலியிலேருந்து ஒத்தை நூல் வீட்டுக்குள்ள வந்திருக்கு. நேரா கட்டிலுக்கு. அவரு நெஞ்சு மேல கிடந்துச்சு. எடுத்துத் தூரப் போட்டேன். பொழுது சாயறதுக்குள்ள போயிட்டாரு."

அவள் அழவில்லை. "நான்தானே உள்ள கூப்பிட்டேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். கட்டிக்கொண்டேன். வேறென்ன செய்வது.

நானும் உஷாராகத்தான் இருந்தேன். ஆனால் இருமுகிற ஆளுக்குப் பக்கத்தில் ராத்திரி பூரா விழித்திருந்தால் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? ஒரு மதியம் அடுப்படியில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டது.

பட். பட். பட்.

"வாங்க, உள்ள வாங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் விழித்தேன். பிறந்ததிலிருந்து அதையே சொல்லிப் பழகிய வாய்.

வேலிக்கு வெளியே யாருமில்லை. வெயில் அசையாமல் நின்றது. கோழிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூண்டு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஈரக் கம்பளியும் ஆற்றுச் சேறும் சேர்ந்த வாடை உள்ளே வந்தது.

நூலும் வந்தது.

முற்றத்தைத் தாண்டி, கதவிடுக்கில் நுழைந்து, அடுப்படித் தரையில் மெல்ல ஊர்ந்தது. காற்றில்லை. அதன் நுனி மட்டும் தடவித் தடவி, படுக்கையறைப் பக்கம் திரும்பியது.

கத்தியால் வெட்டினேன். ஒட்டிக்கொண்டது.

மிதித்தேன். செருப்புக்கு அடியிலிருந்து நழுவிக்கொண்டு போனது.

பயந்தேனா என்றால் பயந்தேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது. என் வீட்டுக்குள், என்னிடமே கேட்டு நுழைந்து, என் ஆளையே கொண்டுபோகப் பார்க்கிறது. என்ன நெஞ்சழுத்தம்.

"நில்லு" என்றேன். "கூப்பிட்டது நான்தான், இல்லைங்கல. அப்ப நீ விருந்தாளி. இந்த வீட்டு விருந்தாளி மாத்தே குடிக்காம அடுப்படியைத் தாண்டினதில்ல. உக்காரு."

நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

நூல் நின்றது.

பிறகு, கொடி சுற்றுகிற மாதிரி, நாற்காலிக் காலைச் சுற்றி ஏறத் தொடங்கியது. வைக்கோல் பின்னிய இருக்கை கிறீச்சிட்டுத் தாழ்ந்தது.

மாத்தே இலைச்சாறு குடிக்கிற சுரைக்குடுக்கையை எடுத்தேன். காலையில் குடித்துச் சாரம் இறங்கிய இலை அதிலேயே கிடந்தது, மாற்றவில்லை. கெட்டில் ஆறிப்போயிருந்தது, சூடாக்கவில்லை. ஆறின மாத்தே கொடுத்தால் ஏன் வந்தாய் என்று அர்த்தம். அது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஊற்றி, உறிஞ்சுகிற குழலை அதன் பக்கம் திருப்பி மேசையில் வைத்தேன்.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

பிறகு குடுக்கையின் அடியில் கடைசிச் சொட்டை உறிஞ்சுகிற சத்தம்.

அதே நொடியில் ஒன்று பிடிபட்டது. மாத்தேவுக்கு உட்கார்ந்துவிட்டால், போதும் என்கிறவர் நன்றி சொல்லித்தான் குடுக்கையைத் திருப்பித் தர வேண்டும். நன்றி சொல்லும்வரை ஊற்றுகிறவள் ஊற்றிக்கொண்டே இருப்பாள், குடிக்கிறவர் எழுந்திருக்கக் கூடாது. கூப்பிட்டால்தான் வருவேன் என்று எங்கள் முறையைப் பிடித்துக்கொண்டு வந்த சனியன், இந்த முறைக்கும் கட்டுப்படட்டும். நன்றி சொல்ல இதற்கு வாய் எங்கே இருக்கிறது?

மறுபடி ஊற்றினேன்.

"யாருகிட்ட பேசிட்டிருக்க கிழவி?" உள்ளேயிருந்து ஓவிதியோ.

"விருந்தாளி."

"அடுப்படியிலயா உக்கார வெச்சிருக்க? மரியாதையில்லாம. உள்ள வரச்..."

நாற்காலியிலிருந்து நூல் விருட்டென்று படுக்கையறைப் பக்கம் நீண்டது.

"வாயை மூடுய்யா" என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படிக் கத்தியதில்லை. அவர் கப்சிப். நூல் நிலைப்படியில் தயங்கியது.

"இன்னும் நீ நன்றி சொல்லல" என்றேன் மெதுவாக. "குடி."

திரும்பி வந்தது.

அன்று பொழுது சாயும்வரை ஊற்றினேன். சன்னலில் வெளிச்சம் மங்கியது. பாவுதிலியோ போன நேரம் வந்தது, போனது. இருட்டிய பிறகு உள்ளேயிருந்து குரல்: "பசிக்குது. இந்த வீட்டுல விருந்தாளிக்கு மட்டும்தானா?"

அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதேன். பிறகு சூப் வைத்தேன்.

ஓவிதியோ எழுந்துவிட்டார். இப்போது மாடு பார்க்கப் போகிறார், சத்தம்போட்டு என்னோடு சண்டையும் போடுகிறார். குளிர் வந்ததும் வேலிகளில் இருந்த நூலெல்லாம் எங்கோ போயிற்று. விமான மருந்துதான் என்று திரான்சித்தோ இன்னும் கடையில் வாதாடுகிறான். சிலந்திதான் என்கிறார் டீச்சர். ஆளுக்கொன்று சொல்லட்டும்.

என் அடுப்படி நாற்காலியில் மட்டும் அது இருக்கிறது. மதியத்தில்தான் அதற்கு விழிப்பு. ஊரெல்லாம் தூங்கும்போது நான் ஊற்றுகிறேன், அது உறிஞ்சுகிறது. குடுக்கை காலியாகும். குழல் முனையில் ஒரு இழை ஒட்டியிருக்கும்.

என் கை வலித்தால் எலெவுத்தேரியா வந்து ஊற்றுவாள். முதல்முறை நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, "என் புருஷனை எங்கடா வெச்சிருக்க?" என்று கேட்டாள். குடுக்கைக்குள் துப்பிவிட்டு ஊற்றினாள்.

"குடிச்சுத் தொலை" என்றாள்.

அதையும் குடித்தது.

இன்று அவள் டவுனுக்குப் போயிருந்தாள். ஓவிதியோ உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் குடுக்கையை நிரப்பி வைத்துவிட்டுச் சன்னல் வழியே பார்த்தேன். மழை பெய்து ஓய்ந்த வயலில் வெயில். வேலிக் கம்பியில் மறுபடியும் வெள்ளை.

பட். பட். பட்.

உதட்டைக் கடித்துக்கொண்டேன். ரத்தம் உப்புக் கரித்தது. வாயைத் திறக்கவேயில்லை, சத்தியமாக.

"வாங்க, உள்ள வாங்க."

நாற்காலியிலிருந்துதான் வந்தது. என் குரல். அதே இழுப்பு, அரைத் தூக்கத்தில் நான் சொன்ன அதே மாதிரி.

கதவிடுக்கில் இரண்டாவது நூலின் நுனி தெரிந்தது.

சரி. இன்னொரு நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டேன். கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலை இறக்கி, ஆறட்டும் என்று சன்னலோரம் வைத்தேன்.