அக்வா ஓதிய ஊர்

செவ்வாய்க் கோளின் செம்புலம் குடியிருப்பில் காலையில் தண்ணீர் வர வேண்டுமானால் லத்தீன் ஓத வேண்டும். அங்கே அது பல் தேய்ப்பது மாதிரி. சொல்லதிகாரி யாழ்மொழி நீர்க்கதவின் முன் வந்ததுமே 'அக்வா' என்ற சொல்லை உருமாற்றத் தொடங்கிவிடுவாள். அக்வா, நீர். அக்வாய், நீரினது. அக்வாம், நீரை. பன்மையில் அக்வாரும், நீர்களினது. பழைய ஜெர்மானியத்தில் ஆற்றைக் குறித்த 'அஹ்வா' இதன் உடன்பிறப்பு என்று பிறப்பு வரலாற்றையும் சொல்லி முடித்தால் கதவு திறக்கும். குடியிருப்பை நிறுவிய பொறியாளர் அப்படித்தான் செய்தாராம். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அன்று சூரியப் புயல் எல்லோர் தலையிலும் பதித்திருந்த நினைவுச்சில்லைத் துடைத்துவிட்டது. யாழ்மொழி 'அக்வாம்' வரை வந்து நின்றாள். அடடா, அதற்குப் பிறகு என்ன? மறுபடி தொடங்கினாள், மறுபடி நின்றாள். உதவியாளன் கபிலனுக்கும் அதே கதி. ஊர்த்தொட்டி வற்றிவிட்டது. கதவோ பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருந்தது.

"மேடம், உங்க பொண்ணுக்கு ஜுரம் ஏறுதாம். நெத்தியில ஈரத்துணி போடக்கூடத் தண்ணி இல்லியாம்," என்றான் கபிலன்.

அவ்வளவுதான். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வர, யாழ்மொழி கதவை ஓங்கி உதைத்தாள்.

"யப்பா சாமி, லத்தீனும் வேணாம் ஒண்ணும் வேணாம்! எம் புள்ளைக்குத் தண்ணி வேணும். திறந்து தொலையேன்!"

கதவு திறந்தது. குழாய்களெல்லாம் அதிரத் தண்ணீர் பாய்ந்தது. ஊரே நனைந்து கூத்தாடியது. குழந்தையின் நெற்றி குளிர்ந்த பிறகு யாழ்மொழி திரும்பி வந்தாள்.

"இவ்ளோ நேரம் ஏன் திறக்கல?"

"யார் வந்து நின்றாலும் திறப்பேன், அம்மா," என்றது கதவு. "நீங்கள் வந்ததும் ஏதோ ஓத ஆரம்பிக்கிறீர்கள். குறுக்கிடுவது மரியாதையில்லை என்று முடியும்வரை காத்திருப்பேன். இன்று நீங்கள் முடிக்கவேயில்லை. 'லத்தீனும் வேணாம்' என்ற பிறகுதான் இனி ஓத மாட்டீர்கள் என்று புரிந்தது. நிறுவனர்கூடப் பொழுது போகாமல்தான் முணுமுணுப்பார்."

லத்தீன் ஒழிந்தது! யாழ்மொழியைத் தோளில் தூக்கி ஊர்வலம் போனார்கள். கையோடு கபிலன் ஒரு பயிற்சி மையம் திறந்தான். 'யப்பா சாமி' முதல் 'திறந்து தொலையேன்' வரை, உரிய இடத்தில் உதையும் அழுகையும் சேர்த்துப் பிழையின்றிச் சொல்பவருக்கே இனி சொல்லதிகாரி வேலை. முதல் தேர்வை யாழ்மொழியும் எழுதினாள். உதை சரி, அழுகை போதாது என்று ஃபெயில் போட்டார்கள்.

"பொண்ணுக்குத்தான் நல்லாயிடுச்சே, அழுகை எங்கிருந்து வரும்?" என்று சிரித்தபடி அவள் குடத்துடன் போய்க் கதவின் முன் சும்மா நின்றாள். கதவு திறந்தது.

உதைக்காமல் பிடித்த தண்ணீர் செல்லாது என்று வரிசையில் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள்.