சல்லிக் கரைப் புத்தகம்

1974 ஆகஸ்ட் 26, திங்கட்கிழமை. காலை 7.50.

முன்கதவைத் திறந்து உள்ளே காலடி வைத்த ஸாலிஹா அப்படியே நின்றுவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் இறுக்கிச் சாத்திவிட்டுப் போன அறைக்குள் காற்று தாராளமாக உலாவிக்கொண்டிருந்தது. பின்பக்க யன்னல் விரியத் திறந்து கிடந்தது. அலுமாரியும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதன் மேல்தட்டில் இருக்க வேண்டிய பச்சை மட்டைப் புத்தகத்தைக் காணவில்லை.

தரையில் ஒரு வலை மிதவை கிடந்தது. கரைவலைக்காரர்கள் கட்டுகிற மரத்துண்டு, அறுந்த கயிற்றோடு.

திருகோணமலைக் கரையோரத்தில் மீன் எவ்வளவு மிச்சம், முருகைக்கல் எவ்வளவு மிச்சம், கண்டல் காடு எவ்வளவு மிச்சம் என்று மூன்று மாதமாகக் கணக்கெடுக்கும் அலுவலகம் அது. அவள் அங்கே தட்டச்சுக்காரி. மீனுக்கு மட்டும் இரண்டு புத்தகங்கள். கிண்ணியாக் கரைக்கு ஒன்று, சல்லிக் கரைக்கு ஒன்று. போனது சல்லிப் புத்தகம்.

அதுவும் எந்த நாளில்? கொழும்பிலிருந்து பணிப்பாளர் இரண்டு மணிக்கு வருகிறார். இரண்டு புத்தகங்களையும் கையில் எடுத்துக்கொண்டு தானே கரைகளுக்குப் போய்ப் பார்க்கப்போவதாக வெள்ளிக்கிழமைதான் அவருடைய கடிதம் வந்திருந்தது.

காலை 8.40.

சப்-இன்ஸ்பெக்டர் கதிரவேல் யன்னலைத்தான் முதலில் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். பேசினால் கேள்வி மட்டும்தான் வரும்.

“யன்னலைச் சாத்தினது ஆர்?”

“நான்தான் சேர்.”

“கொளுக்கி போட்டனீங்களோ?”

“போட்டனான்.”

“உடைஞ்சிருக்கோ பாருங்கோ.”

பார்த்தாள். கொளுக்கி புதுசு போல இருந்தது.

“அப்ப உள்ளுக்கு நிண்ட ஆரோதான் கழட்டி விட்டிருக்க வேணும். கதவுத் திறப்பு ஆரிட்டை?”

“என்னட்டை.”

“வேறை ஆரிட்டையும்?”

“இல்லை சேர்.”

அலுமாரியை ஏன் பூட்டவில்லை என்றும் கேட்டார். பூட்டு பழுதாகி ஆறு மாதம், மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதியாயிற்று என்றாள். கதிரவேலும் அரசாங்க உத்தியோகத்தர்தான். அதற்கு மேல் அவர் அதைக் கேட்கவில்லை.

சல்லிக் கரைக்குப் பொறுப்பான கள உத்தியோகத்தர் சிவகுருநாதன் பக்கத்தில் நின்றார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேர்ட். முகத்தில் நல்ல கவலை.

“சேர், சொல்லாமல் இருக்க ஏலாது. சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சல்லி வல்லிபுரம் வந்து இஞ்சை பெரிய சத்தம். மிஸ் ஸாலிஹாதான் வெளியிலை கூட்டிக்கொண்டு போனவ. ரோட்டிலை நிண்டு கால் மணித்தியாலம் கதைச்சினம்.”

சொன்னது பொய்யில்லை. அதனால்தான் அது இன்னும் மோசமாகக் கேட்டது.

காலை 9.30.

வல்லிபுரத்தை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஐம்பது வயதிருக்கும். சல்லியில் சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்திருக்கும் கரைவலைச் சம்மாட்டி. கதிரை கொடுத்தும் இருக்காமல் சுவரோரம் தரையில் குந்தினார்.

“இந்த மிதவை உம்முடையதோ?”

“எங்கட கரையிலை இது கண்ட இடமெல்லாம் கிடக்கும் ஐயா.”

“சனிக்கிழமை ஏன் சத்தம் போட்டனீர்?”

“கடல்லை மீன் குறையேல்லையெண்டு எழுதியிருக்கிறாங்களாம். அதைக் காட்டிக் குடாவுக்குள்ளை பெரிய இழுவைப் படகுகளை விடப்போறாங்களாம். வயிறு எரிஞ்சுது, சத்தம் போட்டன். அதுக்காகக் களவெடுப்பனோ?”

“அண்டைக்கு ராத்திரி எங்கை?”

“வீட்டை. விடிஞ்சா அம்மா செத்த முப்பத்தொண்டாம் நாள் கிரியை. சமையலுக்கு ஆயத்தம் பண்ணிக்கொண்டு நிண்டனான்.”

“ஆர் சாட்சி?”

“ஊர் முழுக்க.”

ஊர் முழுக்கச் சாட்சி என்றால் பொலிசுக்கு ஒருவரும் சாட்சியில்லை. கதிரவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒரு மணிக்கு ரெண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போவன். அதுக்கு முந்தி ஆராவது உண்மையைச் சொன்னா நல்லது.”

ரெண்டு பேரையும்! ஸாலிஹா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வேலை போவது ஒரு பக்கம். பெரியகடைத் தெருவால் பொலிஸ் ஜீப்பில் ஒரு தரம் போனால் போதும், பிறகு வழக்கு என்னவாயிற்று என்று ஒரு குஞ்சும் கேட்காது. பொம்பிளைப் பிள்ளையை உத்தியோகத்துக்கு அனுப்பினால் இதுதான் என்று சொல்ல நாலு வீடு காத்திருந்தது. வாப்பா மௌத்தாகி ஐந்து வருடம். உம்மாவின் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில். அந்த உம்மா தெருவில் எப்படித் தலை நிமிர்வாள்?

காலை 10.15.

இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். யோசிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஸாலிஹா யோசித்தாள்.

வல்லிபுரம் ஏன் எடுக்க வேண்டும்? ரோட்டில் நின்று அந்தக் கால் மணித்தியாலம் அவள் சொன்னதே அதுதான். ‘புத்தகத்தைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை அண்ணன், எல்லாம் தட்டச்சடிச்சாச்சு, நாலு பிரதி இருக்கு.’ எழுதியதை அழிக்க நினைப்பவர் பிரதிகளைத்தானே முதலில் எடுப்பார்? அவை அவள் லாச்சியில் சும்மா கிடந்தன. யாரும் தொடவில்லை.

அப்படியென்றால் கள்ளனுக்குப் பிரதி இருப்பது பிரச்சினையில்லை. புத்தகம் இருப்பதுதான் பிரச்சினை. பிரதியில் இல்லாத எது புத்தகத்தில் இருந்தது?

கீழ்த்தட்டில் கிண்ணியாப் புத்தகம் பத்திரமாக இருந்தது. அது கிண்ணியாக் கரையின் கள உத்தியோகத்தர் மஹ்ரூபுடையது. காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு திரிகிற அந்த மனிதரைப் போலவே புத்தகமும் ஊறி, உப்பி, செதில் ஒட்டிக் கிடந்தது. அதைத் தட்டச்சடித்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்க ஏலாது. எறும்பு ஏறுகிறது என்று அலுமாரிக் காலுக்கு மண்ணெண்ணெய்ச் சிரட்டை வைத்தவளும் அவள்தான். சல்லிப் புத்தகம் அப்படியல்ல. முத்து முத்தான கையெழுத்து. ‘இதைப் பார்த்துப் பழகுங்க நானா’ என்று மஹ்ரூபை எத்தனை தரம் கேலி பண்ணியிருப்பாள்!

அந்த நினைப்பிலேயே லாச்சியைத் திறந்து சல்லிப் பிரதிகளை வெளியே எடுத்தாள். சல்லியில் கணக்கெடுப்பு வெள்ளிக்கிழமைகளில். ஜும்ஆ நாளான வெள்ளியில் கிண்ணியாக்காரர் கடலுக்குப் போகமாட்டார்கள், அதனால் அந்த நாளைச் சல்லிக்கு ஒதுக்கியிருந்தார்கள். பன்னிரண்டு வெள்ளி, பன்னிரண்டு தாள். கடைசி வெள்ளியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

ஐந்தாவது தாளில் கை நின்றது. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாள். விரல் மடித்து எண்ணினாள். எண்ணிக்கை பிழைத்துவிடுமோ என்ற பயத்தில் இன்னொரு தரம் எண்ணினாள்.

மத்தியானம் 12.10.

“சேர், எல்லாரும் இருக்கேக்கை ஒரு கேள்வி கேக்கலாமோ?”

கதிரவேல் தலையாட்டினார். மஹ்ரூப் வாசலில் நின்றார். சிவகுருநாதன் கதிரையில் கால்மேல் கால் போட்டிருந்தார்.

ஸாலிஹாவின் குரல் முதல் சொல்லில் தடுக்கியது. பிறகு நேராகிவிட்டது.

“சிவகுருநாதன் சேர், சல்லியிலை உங்களுக்குக் கணக்குச் சொல்லுறது ஆர்?”

“வல்லிபுரம்தான். தாளிலை பேர் இருக்குதே.”

“நேரிலை பாத்துக் கேட்டோ?”

“பின்னை? விடிய ஆறரைக்கு, வலை கரைக்கு வந்த கையோடை.”

“ஒரு வெள்ளியும் தவறேல்லையோ?”

“ஒண்டும் தவறேல்லை.”

அவள் அந்தத் தாளைச் சப்-இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். அவர் வாய்விட்டு வாசித்தார். “ஜூலை இருபத்தாறு, வெள்ளி, காலை ஆறரை. கடலுக்குப் போன வள்ளம் பதினாலு. மீன் ஆயிரத்து நூற்றிருபது இறாத்தல். தகவல், வல்லிபுரம்.”

சுவரோரம் குந்தியிருந்தவர் தலையை நிமிர்த்தினார்.

“அண்டைக்கோ?”

“நேற்று இவரின்ர தாயின்ர முப்பத்தொண்டு சேர்,” என்றாள் ஸாலிஹா. “செத்த நாளையும் சேர்த்துத்தானே எண்ணுறது? நேற்றிலையிருந்து பின்னுக்கு எண்ணிப் பாருங்கோ.”

கதிரவேலுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தாய் தகப்பனுக்குக் கிரியை செய்தவர். கலண்டருக்குப் பக்கத்தில் போய் நின்று, தாளைத் தூக்கி, விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டு பின்னே போனார். விரல் ஜூலை இருபத்தாறில் நின்றது.

“விடியப்புறம் மூண்டு மணிக்குத்தான் சீவன் போனது,” என்றார் வல்லிபுரம். “பின்னேரம்தான் எடுத்தது. ஊருக்குள்ளை பிரேதம் கிடக்க எங்கட கரையிலை ஒருத்தரும் வள்ளம் தள்ளுறேல்லை ஐயா. ஆறரைக்கு நான் அம்மாவின்ர தலைமாட்டிலை இருந்தனான். இவருக்கு மீன் கணக்கோ சொல்லிக்கொண்டு நிண்டனான்?”

“சல்லியிலை மௌத்தெண்டா எங்கட வாப்பாவின்ர சைக்கிள் பெட்டி வெறுமையாத்தான் திரும்பும்,” என்றாள் ஸாலிஹா. “மீன் வித்த மனிசன். எனக்குச் சின்னனிலையே தெரியும்.”

சிவகுருநாதன் காலை இறக்கிவிட்டார்.

“திகதி மாறி எழுதியிருப்பன். மனுசன் எழுதுறதுதானே?”

“பதினாலு வள்ளமும் மாறினதோ?” வல்லிபுரம் எழுந்துவிட்டார். “இப்ப எங்கட கரையிலை ஓடுறது ஒம்பது வள்ளம். பதினாலு ஓடினது அஞ்சாறு வருசத்துக்கு முந்தி!”

பழைய பதிவேடு ஒன்றைப் பார்த்து வீட்டிலிருந்தே எழுதியிருக்கிறார் என்பது எல்லோருக்கும் அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. அந்தப் பதினான்கை நம்பித்தான் கடலில் குறைவில்லை என்று அறிக்கை எழுதியிருந்தார்கள்.

“கணக்குப் பொய்யெண்டா பொய்தான்,” என்றார் கதிரவேல். “அதுக்கும் களவுக்கும் என்ன தொடர்பு?”

ஸாலிஹா கிண்ணியாப் புத்தகத்தை எடுத்து அவர் மூக்குக்குக் கிட்டப் பிடித்தாள். சப்-இன்ஸ்பெக்டர் ஒரு அடி பின்னே போனார்.

“கரைக்குப் போற புத்தகம் இப்பிடித்தான் சேர் இருக்கும். சல்லிப் புத்தகத்திலை மூண்டு மாசத்திலை ஒரு செதில் ஒட்டேல்லை, ஒரு எறும்பு ஏறேல்லை. நான் ஒரு மடைச்சி, வடிவா வைச்சிருக்கிறாரெண்டு புகழ்ந்தனான். தட்டச்சடிச்ச தாள் ஆர் அடிச்சாலும் சுத்தமாத்தான் இருக்கும், அதாலை அவருக்குப் பிரதியைப் பற்றிப் பயமில்லை. புத்தகத்தைப் பணிப்பாளர் கையிலை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனா, முதல் பக்கத்திலையே பிடிச்சுப்போடுவார்.”

“யன்னல்?”

“சனிக்கிழமை நான் எல்லாம் சாத்திப்போட்டு வாசல்லை திறப்போடை நிக்க, குடையை விட்டிட்டன் எண்டு இவர் திரும்ப உள்ளுக்கு ஓடினவர். இப்பதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. ஒரு குடை எடுக்கிற நேரம் போதும் சேர், ஒரு கொளுக்கி கழட்ட.”

“அப்ப மிதவை?”

“அதை எடுக்க ஒரு தரம் சல்லிக்குப் போகத்தானே வேணும்?” என்றார் இதுவரை வாய் திறக்காத மஹ்ரூப். “மூண்டு மாசத்துல இவர் அந்தக் கரைக்குப் போன ஒரே பயணம் அதுவாத்தான் இருக்கும்.”

சிவகுருநாதன் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை. வெள்ளைச் சேர்ட்டின் முதுகுப்பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது.

“அந்த நாத்தம் எனக்கு ஒத்துவராது சேர்,” என்றார் கடைசியில், மிகவும் மெல்லிய குரலில். “ரெண்டு தரம் போனனான், ரெண்டு தரமும் சத்தி எடுத்தனான். அதுக்குப் பிறகு போகேல்லை.”

மத்தியானம் 1.15.

சிவகுருநாதனின் வாடகை அறையில், சலவைக்குக் கட்டி வைத்த துணிகளுக்கு நடுவில் பச்சைப் புத்தகம் அகப்பட்டது. கொன்ஸ்டபிள் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கதிரவேல் அதை எடுத்து முகர்ந்தார். சவர்க்கார வாசனை அடித்தது.

ஜீப் சிவகுருநாதனை ஏற்றிக்கொண்டு போனது. சல்லிக் கணக்கைப் பணிப்பாளர் முதலிலிருந்து எடுக்கத்தான் வேண்டும், இழுவைப் படகுக் கதை அதுவரைக்கும் நிற்கும் என்று கதிரவேல் சொன்னார். வல்லிபுரம் அப்போதுதான் கதிரையில் இருந்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஸாலிஹா திரும்பிப் பார்த்தாள். உம்மா!

ஆமினா உம்மா தனியாகத் தெருவில் இறங்காதவள். மத்தியான வெயிலில், முக்காடு நழுவ, பெரியகடையிலிருந்து நடந்தே வந்திருந்தாள். பொலிஸ் வந்த கதை அந்த நாலு வீட்டுக்கும் போய், உம்மாவுக்கும் வந்துவிட்டது. அவள் மகளைப் பார்க்கவேயில்லை. நேராகக் காக்கிச் சட்டைக்கு முன்னால் போய் நின்றாள்.

“எண்ட புள்ள ஒண்டும் எடுக்கல்ல. நான்தான் எடுத்த. என்னக் கொண்டு போங்க.”

கதிரவேல் தொண்டையைச் செருமினார்.

“எதை எடுத்தனீங்கள் உம்மா?”

“புத்தகத்த.”

“இப்ப எங்கை அது?”

“அடுப்புல வெச்சி எரிச்சிட்டன். சாம்பல்கூட மிச்சமில்ல.”

பச்சைப் புத்தகம் அவளுக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், மேசையில் கிடந்தது. எழுத்து வாசிக்கத் தெரியாத உம்மா அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. விலங்கு போடட்டும் என்று இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக்கொண்டு நின்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. வல்லிபுரம் எழுந்து தன் கதிரையை அவள் பக்கம் தள்ளிவிட்டார். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஸாலிஹா, நீட்டிய அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

உம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குனிந்து மகளின் காதுக்குள் இரகசியமாகச் சொன்னாள்.

“என்னத்துக்குப் புள்ள அழுற? நான்தான் எடுத்தண்டு சொல்லிட்டன்தானே.”