கழற்றி வைத்த அழைப்புமணி

வாசல் கேட்டில் இருந்த அழைப்புமணிப் பெட்டியைப் பூட்டுக்காரர் தன் கையாலேயே கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் போட்டிருந்தார். அதன் முதுகிலிருந்து ஒயர்கள் குடல் சரிந்ததுபோலத் தொங்கிக்கொண்டிருந்தன, எதோடும் சேராமல். அப்படியிருந்தும் எதிரே இருந்த திரையில் ஒரு வரி ஊர்ந்து மேலே வந்தது: வாசல் பெட்டியில் எண் அழுத்தப்பட்டது. எண் தவறு.

பூட்டுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். அந்த அடுக்குமாடிக்கு அவர்தான் செக்ரட்டரி. யாரும் கேட்டுக்கொள்ளாமலே எல்லாக் கதவுக்கும் எண் பூட்டு மாட்டியவர். கதவு, மணி, கேமரா எல்லாமே ஒரு சர்வருக்குள் அடக்கம். படிக்கட்டுக்கு அடியில் முன்பு உடைந்த நாற்காலி போட்டுவைத்த ஜன்னலில்லாத அறையில் அது உட்கார்ந்திருந்தது. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்று உலகத்துக்கே இலவசமாக விட்ட திறந்த மூல இயங்குதளத்தைத்தான் அதில் போட்டிருந்தார். தன் வீட்டு ஜன்னல் திரையைக்கூட விலக்காத மனுஷருக்கு அதில் என்ன ஆசையோ, நமக்கெதற்கு.

அந்த இயங்குதளத்தின்மேல் ஒரு காவல் செயலி. எண்ணைத் திரும்பத் திரும்பத் தப்பாக அழுத்துகிறவரை அது வெளியே தள்ளிவிடும். தள்ளப்பட்டவருக்கு என்ன பதில் தருவது என்றும் கேட்கும். ‘அனுமதி இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். ஒன்றுமே சொல்லாமலும் இருக்கலாம். பூட்டுக்காரர் இரண்டாவதைத்தான் எடுப்பார். மணி அடிக்காது, விளக்கு எரியாது. வாசலில் நிற்பவர் கல்லோடு பேசிக்கொண்டிருப்பார். மாடி வீட்டு வாடகைக்காரி ஒரு மழையில் அப்படி நின்றாள். “செத்துப் போனவன் கதவுகூட ஒரு சத்தம் குடுக்கும், இந்தாளு கதவு குடுக்காது,” என்று கட்டடத்துக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

இத்தனை காவலும் ஒரே ஒருவனுக்காக. மனைவியின் தம்பி. ஒரு விருந்தில், வந்தவர்கள் எல்லோரும் பார்க்க, மச்சான் அவருடைய பழைய எண்ணை ஊகித்து அழுத்திக் கதவைத் திறந்துவிட்டான். “என்ன மாமா, பொண்ணு பொறந்த வருஷமா? திருடனுக்குக்கூட கஷ்டம் குடுக்க மாட்டீங்க போல!” விருந்தே விழுந்து விழுந்து சிரித்தது. மனைவிதான் அதிகம் சிரித்தாள் என்பார்கள். மறுநாளே மச்சானின் முகத்தையும் போன் எண்ணையும் செயலிக்குச் சொல்லிக்கொடுத்தார். இவன் வந்தால் மௌனம்.

போன மாதம் ஒரு மழைநாளில் கேட்டுக்கு வெளியே மச்சான் விழுந்து கிடந்தான். நெஞ்சுவலி என்றார்கள். விடிந்து பேப்பர்காரர்தான் பார்த்தார். அழைப்புமணிக்கு நேர் கீழே, விரல் மேல்நோக்கி மடங்கிய வாக்கில்.

“அன்னிக்கி அவன் பெல் அடிச்சானாங்க?” என்று மனைவி கேட்டாள். சாப்பிடும்போது கேட்டாள், துணி மடிக்கும்போது கேட்டாள்.

“அடிச்சா நமக்குக் கேட்டிருக்காதா?”

இன்று காலை அவள் கேட்கவில்லை. “நாளைக்கு எங்க சித்தப்பா பையன் வர்றான். கம்ப்யூட்டர் படிச்சவன். அந்த மெஷின்ல பார்த்துச் சொல்லட்டும்,” என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அதனால்தான் இந்த மழைச் சாயங்காலம், மற்றவர்கள் டீவி முன்னால் இருக்க, இவர் படிக்கட்டு அறையில் வாசல் பெட்டியையும் கழற்றிவந்து, பழைய செயலியை, யார் எப்போது மணி அடித்தார் என்ற அதன் ஞாபகத்தோடு வேரோடு பிடுங்கிவிட்டு, அதையே புதிதாக நிறுவிக்கொண்டிருந்தார். சர்வரின் கீபோர்டை மகள் விளையாட எடுத்துப் போய்விட்டாள். மடிக்கணினியிலிருந்து வைஃபை வழியாகத்தான் வேலை. மின்விசிறிகளின் இரைச்சல், சூடான பிளாஸ்டிக் வாசனை, சுவரில் ஊறிய ஈரத்தின் பூஞ்சை மணம், தலைக்கு மேலே யாரோ படியேறும்போதெல்லாம் உதிரும் சுண்ணாம்புத் தூள். எல்லாம் பழகியதுதான். நிறுவி முடிந்தது என்று செயலி சொன்னது. ஞாபகம் துடைத்த பலகைபோல வெறுமையாக இருந்தது. பெருமூச்சு விட்டார்.

அப்போதுதான் அந்த வரி வந்தது.

மின்கசிவாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த வரியும் வந்தது. எண் தவறு. பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம். பெட்டியின் பொத்தான்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய் எழும்பிக்கொண்டிருந்தன, விரல் இல்லாமல், அவசரப்படாமல், வழி தெரிந்தவன் படியேறுவதுபோல. எழும்பும்போதெல்லாம் இடுக்கிலிருந்து தண்ணீர் கொப்பளித்தது. எந்த எண் என்று திரையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மகள் பிறந்த வருஷம்.

“தடை,” என்று செயலி எழுதியது. நல்ல பிள்ளை. தன் வேலையைச் செய்துவிட்டது.

பொத்தான்கள் நின்றன. மின்விசிறி இரைந்தது. ஈரச் சட்டையின் வாசனை வந்தது. அவர் சட்டை காய்ந்துதான் இருந்தது.

பிறகு பெட்டியின் அடியிலிருந்த பெரிய பொத்தான் உள்ளே போனது. மணிப் பொத்தான். போனது எழும்பவில்லை. யாரோ அழுத்திப் பிடித்திருந்தார்கள். புதுச் செயலி எண்ணுக்குத்தான் தடை போட்டிருந்தது; மணிக்கும் மௌனம் என்று அவர் அதற்கு இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை.

திரையில்: வாசல் பெட்டி, மேல்வீட்டை அழைக்கிறது.

மேல்வீடு, எல்லா மாடிக்கும் மேலே இருப்பது, அவருடையது. மணி அங்கே அடித்தால் அவள் எடுப்பாள். எடுத்தால் கேட்பாள். அவன் சொல்வான்.

சர்வர் வேலையில் ஒரு பாலபாடம் உண்டு. அடுத்தவர்களுக்கு ஓதி ஓதியே அவர் வாய் தேய்ந்திருக்கிறது: முதலில் உன்னை உள்ளே விடச் சொல்லி எழுது, அப்புறம் ஊரைத் தள்ளு. மாற்றிச் செய்தால் நீயும் ஊரோடு வெளியே. பாடமெல்லாம் பயம் வராதவரைதான். எல்லோருக்கும் மௌனம் என்று அடித்தார். தன் பெயரை எழுதவில்லை. எண்டரைத் தட்டினார்.

மடிக்கணினி உறைந்தது. ஊரோடு அதுவும் வெளியே.

சர்வர் திரை மட்டும் நிதானமாக ஒரு வரி எழுதியது. புதியவர் எவருக்கும் பதில் இல்லை. வாசல் மணியில் ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பவர்கள் தொடரலாம்.

பேசிக்கொண்டிருப்பவர்கள் யார்?

பெட்டியின் ஒலிபெருக்கி கரகரத்தது. “யாரு?” மனைவியின் குரல்.

“நான்தான்க்கா.”

“டேய்!” மூச்சு அடைத்துக்கொண்ட சத்தம். பிறகு, எல்லாம் மறந்துபோனதுபோல, பழைய அதட்டல். “இப்படியா நனைஞ்சிட்டு வருவ? மேல வா, திறக்கிறேன்.”

“திறக்காதே!” பெட்டிக்குள் வாயை வைத்துக் கத்தினார். “நான் பேசறேன், கேக்குதா? திறக்காதே!”

பெட்டி கல்லாக இருந்தது.

கதவுக்கு ஓடினார். உள்ளிருந்து திறக்கவும் எண்தான். அழுத்தினார். விளக்கு எரியவில்லை. தப்பு என்றுகூடச் சொல்லவில்லை. மறுபடி. மறுபடி. போனை எடுத்தார். படிக்கட்டுக்கு அடியில் டவர் கிடையாது, கட்டடத்தின் வைஃபைதான் துணை. வைஃபையும் அவரை அறியாது. கதவில் குத்தினார். தலைக்கு மேலே யாரோ படியேறினார்கள். கனமாக. சொதசொதவென்று. சுண்ணாம்பு உதிர்ந்தது, ஈரமாக.

“யாருங்க அது! நில்லுங்க!”

நிற்கவில்லை. மாடி வீட்டு வாடகைக்காரி அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். கீழே யாரோ தட்டினது நிஜம், என்றாள் பிற்பாடு. யாராயிருந்தால் என்ன என்று டீவி சத்தத்தைக் கூட்டிவிட்டாளாம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

மேலே கதவு திறந்தது. ஒலிபெருக்கியில் கேட்டது.

“மாமா!” மகள். “அப்பா எங்க மாமா?”

“கீழ இருக்காரும்மா.”

“யாரோ தட்டற மாதிரி இருக்கேடா,” என்றாள் மனைவி.

“காத்துதான்க்கா.” சிரிப்பு. விருந்தில் கேட்ட அதே சிரிப்பு, உள்ளே தண்ணீர் குலுங்க. “பதில் குடுக்காதீங்க. போயிடும்.”

அவர் குத்துவதை நிறுத்தினார். கை வீங்கியிருந்தது.

திரையின் மூலையில், பேச்சு நடக்கும்போது வரும் சின்னக் கட்டத்தில், அவர் வீட்டு ஹால் தெரிந்தது. அவருடைய நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தவன் தலையை மனைவி துண்டால் துவட்டிக்கொண்டிருந்தாள். துவட்டத் துவட்டத் தண்ணீர் கொட்டியது. தரையெல்லாம். மகளின் கால்வரை. மகள் அவன் மடியில் ஏறிக்கொண்டாள்.

துண்டு விலகியது.

முகம் கேமராவைத் தேடித் திரும்பியது. நேராக அவரைப் பார்த்தது. மேல்நோக்கி மடங்கிப்போன அந்த விரலை மெல்லத் தூக்கி, உதட்டின்மேல் வைத்தது.