பேய்க்கு இரட்டைக்கொம்பு

புலம்பெயர்ந்த தமிழர்கள் நிறைய வாழும் கிரவீனில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து, டீச்சர் குழுவுக்கு ஒரு நாடு கொடுத்தார். மிருணாளினியின் குழுவுக்குச் சீனா கிடைத்தது. அவளோடு லதீஸ் இருந்தான். மூன்றாவது ஆள் பெய். அவள் சீனாவிலிருந்தே வந்தவள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதானே? ஆனால் மிருணாளினிக்கும் லதீசுக்கும் சீனாவைவிடச் சிரிப்புத்தான் பெரிதாக இருந்தது. டீச்சர் "பெய்" என்று கூப்பிட்டால் போதும், லதீஸ் மிருணாளினியின் காதுக்குள், "பேய் வருது, ஓடு!" என்பான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள். ஏன் என்று தெரியாமலே பெய்யும் சேர்ந்து சிரிப்பாள்.

அது 2012, சீனர்களின் கணக்கில் டிராகன் ஆண்டு. பெரிய அட்டையில் லதீஸ் ஒரு டிராகன் வரைந்தான். அது உடும்பு மாதிரி வந்துவிட்டது. அதன் பக்கத்தில் மூன்று பேரின் படங்களையும் ஒட்டினார்கள்.

"படங்களுக்குக் கீழே பெயர்களைச் சீன எழுத்தில் நான் எழுதுகிறேன்," என்று பெய் ஆங்கிலத்தில் சொன்னாள். "நீங்கள் தமிழில் எழுதுங்கள்."

மிருணாளினி தடித்த கறுப்புப் பேனையை எடுத்தாள். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறவள் அவள்.

"எழுதன், எழுதன்," என்று லதீஸ் கிசுகிசுத்தான்.

அவளுக்கும் கை துறுதுறுத்தது. பெய்யின் படத்துக்குக் கீழே 'பேய்' என்று பெரிதாக எழுதிவிட்டாள்.

"எவ்வளவு அழகாக இருக்கிறது!" என்றாள் பெய். "தமிழில் இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?"

"ஒன்றும் இல்லை."

பெய் அந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துத் தன் பென்சில் பெட்டியிலும் எழுதிக்கொண்டாள். லதீஸ் சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே புகுந்துவிட்டான்.

அடுத்த நாள் பெய் இரண்டு தாள்கள் கொண்டுவந்தாள். தூரிகையால் எழுதிய சீன எழுத்துகள்.

"இது நீ. மீ-லு. தேனும் பனித்துளியும்," என்று ஒன்றை மிருணாளினியிடம் நீட்டினாள். "எங்கள் மொழியில் ஒரே ஓசைக்கு நிறைய எழுத்துகள் இருக்கின்றன. கவனமில்லாமல் எடுத்தால் கெட்ட அர்த்தம் வந்துவிடும். அதனால் நானும் அப்பாவும் தேடித் தேடி எடுத்தோம். லதீசின் பெயர்தான் எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டது!"

மிருணாளினிக்கு முகம் சுட்டது. தன் பெயருக்கு ஒரு கெட்ட சொல் வந்துவிடக் கூடாதென்று இவ்வளவு மினக்கெட்டிருக்கிறார்கள். அவளோ என்ன செய்து வைத்திருக்கிறாள்?

வெள்ளிக்கிழமை ஹார்மனி டே, எல்லா நாட்டாரும் ஒன்றுகூடும் பள்ளி விழா. பெற்றோர் எல்லாரும் வருவார்கள். கிரவீனில் தமிழ் ஆட்களுக்கா பஞ்சம்? அட்டையைப் பார்த்துச் சிரிப்பார்கள். பெய்யும் ஒன்றும் தெரியாமல் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அதை நினைத்தபோது மிருணாளினிக்கு வெட்கத்தில் அழுகையே வந்தது.

"பேசாமல் மேல வேற பேப்பரை ஒட்டுவம்," என்றான் லதீஸ். "அவளுக்குத் தெரியவே தெரியாது."

"அப்ப பென்சில் பெட்டியில இருக்கிறது?"

லதீஸ் தலையைச் சொறிந்தான்.

மதியச் சாப்பாட்டு நேரம் மிருணாளினி பெய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பெய், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது. ஆவி... இரவில் வந்து பயப்படுத்துமே, அது."

பெய் சாப்பிடுவதை நிறுத்தினாள். "அதனால்தான் சிரித்தீர்களா? ஒவ்வொரு முறையும்?"

"ஓம்." மிருணாளினியால் நிமிர முடியவில்லை. "நான் செய்தது பிழை. மன்னித்துக்கொள்."

பெய் பென்சில் பெட்டியை எடுத்து விரலால் தேய்த்தாள். மை போகவில்லை.

"என் பெயருக்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் கேட்கவே இல்லை," என்றாள். "கொட்டுகிற மழை. நான் பிறந்த அன்று அப்படி ஒரு மழையாம்."

மழையா? மிருணாளினி அந்தப் பெயரை மனதுக்குள் நீட்டாமல் சொல்லிப் பார்த்தாள். பெய்! அவள் துள்ளி எழுந்தாள்.

"பெய், நாங்கள் பிழையாக நீட்டிச் சொல்லியிருக்கிறோம்! சுருக்கிச் சொன்னால் தமிழிலும் மழைதான். 'மழை பெய்கிறது' என்றுதான் சொல்லுவோம்." ஒரு துண்டுத் தாளில் இரண்டையும் எழுதிக் காட்டினாள். "பேய்க்குத்தான் இரட்டைக்கொம்பு. உனக்கு ஒற்றைக்கொம்பு போதும்."

பெய் தாளைப் பார்த்தாள். பிறகு மிருணாளினியைப் பார்த்தாள்.

"நேற்று அர்த்தமே இல்லை என்றாய். இன்று பேய் என்றாய். இப்போது மழை என்கிறாய்." அவள் எழுந்து போய்விட்டாள்.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். நம்பிக்கையும் கிடைக்காது போலிருக்கிறது. மிருணாளினி பழைய எழுத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, 'பெய்' என்று ஒற்றைக்கொம்பு போட்டுக் கவனமாக எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மண்டபம் முழுக்கப் பொரித்த ரோல்ஸ் வாசனை. பெய் அட்டைக்குப் பக்கத்தில் காவல்காரி மாதிரி நின்றாள். முதலில் வந்தவர் லதீசின் அப்பா கணேசலிங்கம்.

"அங்கிள், இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

"இதுவோ? பெய். மழை பெய்யிறது எண்டு சொல்லுவம். ரெயின்! ஆற்ற பேர் இது?"

பெய் தன் படத்தைக் காட்டினாள். அடுத்து வந்த அன்ரியிடமும் அதையே கேட்டாள். அதற்கடுத்து வந்தவரிடமும் கேட்டாள். சுவரோரமாக நின்ற மிருணாளினிக்கு நிலம் பிளந்து விழுங்கினால் நல்லது என்றிருந்தது. அவள் சொன்னது உண்மைதானா என்று ஊரையே கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறதே!

கடைசியில் பெய் மிருணாளினியின் அம்மாவிடமும் கேட்டாள்.

"பெய்யெண்டால் மழையைக் கூப்பிடுறது, பிள்ளை," என்று ஆங்கிலம் கலந்து சொன்னார் அம்மா. "வடிவான பேர்."

பெய் மெதுவாக நடந்து சுவரடிக்கு வந்தாள்.

"எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள்."

மிருணாளினி தலையசைத்தாள்.

"என் பெயரைச் சொல், பார்ப்போம்."

"பெய்."

"சரியில்லை. குரல் மேலேயிருந்து கீழே விழ வேண்டும். மழை மாதிரி."

மிருணாளினி மறுபடி சொன்னாள். பெய் இல்லையென்று தலையாட்டினாள். லதீசும் வந்து அசடு வழிய ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அவனுக்கும் வரவில்லை.

"மிரு, ரோல்ஸ் ஆறுது, வா!" என்று அம்மா கூப்பிட்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா," என்ற மிருணாளினி, குரல் சரியாக விழும்வரை அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே நின்றாள்.